பம்புத் தாளத்தில் ஒரு தும்மல்

பதிவு 1 | நிலைய நாள் 170 | காலை 07:10

இடம்: ட்ரைட்டன், நெப்டியூனின் நிலா. வெளியே குளிர்: சூரியனே வந்தாலும் கம்பளி கேட்கும். காற்றழுத்தம் சரி. பணியாளர் இருவர்.

இதைக் கண்டெடுத்துப் படிக்கும் மகாஜனங்களே! எழுதுபவன் சங்கரநயினார். நிலையப் பொறுப்பாளன், நெப்டியூன் வட்டாரத்தின் ஏக இசைச் சக்கரவர்த்தி. போட்டிக்கு ஆள் இல்லாதது என் குற்றமன்று.

இன்னொருவன் கோமதிநாயகம், என் மனைவியின் தம்பி. என் வாத்தியம் சாம்ப்ளர். எந்தச் சத்தத்தையும் பிடித்து, துண்டு போட்டு, ரப்பர் பொத்தான்களில் அடைத்துக்கொள்ளும் பெட்டி அது. விரலால் தட்டினால் கக்கும். கோமதி எதிரொலிக்க டிலே, முழங்க வைக்க ரிவெர்ப், வடிகட்ட ஃபில்டர், ஒரே துண்டைத் திரும்பத் திரும்ப ஓட்ட லூப் என்று வரிசையாகப் பெட்டிகளை வைத்துத் திருகுகிறவன். கரண்டி விழுந்த சத்தத்தை நான் கொடுப்பேன். கோயில் மணியாக்கித் திருப்பித் தருவான்.

எங்கள் தாளக்காரர் காற்றுப் பம்பு. நிலையத்தின் மறுகோடியில், பனிக்கு அடியில் இருக்கிறார். அவர் உடம்பில் ஒட்டிய மைக்கிலிருந்து வயர் வந்து மிக்சரில் சேர, ஸ்பீக்கரில் எந்நேரமும் தொக், தொக், தொக். பாட்டுக்கும் அதுதான் கணக்கு, உயிருக்கும் அதுதான் காவல். அபாய மணி ஒன்று இருந்தது. பதிவின் நடுவே சுருதி கெட்டுக் கீச்சிட்டதால் அதன் வயரை நானே வெட்டினேன். அளவுமானிகளை நான் பார்ப்பதே இல்லை. தொக் கேட்கிறதா, மூச்சு உண்டு.

இன்று பம்பு அறைக்கே போய் அவர் ஓசையைத் தனியாகப் பதிவு செய்தோம். நடுவில் எனக்கு ஒரு தும்மல். நெப்டியூனின் வளையங்களில் இரண்டு அறுந்திருக்கும். பதிவு ஓடுவதை மறந்து கோமதி, வழக்கப்படி, நூறாயுசு வாழ்த்தினான். அந்தத் துண்டு பாழ். அழித்துவிடச் சொன்னேன்.

பதிவு 2 | நாள் 196 | காலை 09:30

தாளக்காரர் சோம்புகிறார். தொக்குக்கும் தொக்குக்கும் நடுவே ஒரு கல்யாணத்தை முடித்துவிடலாம். பார்த்து வரும்படி கோமதியை அனுப்பிவிட்டு, சமையலறையில் காபியோடு உட்கார்ந்தேன். நெடுநேரம் கழித்து உள்தொடர்பில் குரல் வந்தது:

"ஒரு போல்ட்டு லூசா கெடந்துச்சு அத்தான். முறுக்கிட்டேன். இப்ப கேளுங்க, ராசா நட!"

சமையலறை ஸ்பீக்கரில் கேட்டேன். ராஜ நடைதான்.

பதிவு 3 | நாள் 197 | மதியம் 12:15

கோமதிக்குக் கடைவாய்ப் பல்வலி. கன்னத்தைப் பொத்திக்கொண்டு மகாபாரதம் முழுவதையும் முனகிவிட்டான். பக்கத்து நிலாவான புரோட்டியஸில் தளம் இருக்கிறது, பல் பிடுங்க ஆள் இருக்கிறார். தளத்தில் படகு கிடையாது. எங்களிடம் உள்ளது ஒரே படகு, அதில் ஒரே இருக்கை. பம்பு நின்றால் மூத்தவன் அதில் ஏற வேண்டும் என்பது விதி. மூத்தவன் நான். பம்புதான் ராஜ நடை போடுகிறதே! பெருந்தன்மையோடு என் சிம்மாசனத்தை இரவல் தந்தேன், கையில் நாலு கிராம்பும் கொடுத்து.

அளவுமானிகளின் எண்களைத் தளத்துக்கு அனுப்பும் பெட்டியையும், பழுது பார்க்கவென்று ஏற்றிக்கொண்டான். எவ்வளவு பொறுப்பு!

பதிவு 4 | நாள் 200 | மாலை 17:40

அதிசயம். இன்று நான் வாசித்த எதுவும் தாளம் தப்பவில்லை. குளிர் ஏற இறங்கப் பம்பும் கொஞ்சம் முன்பின் ஆடும். அதைத் துரத்தியே என் விரல்கள் தேய்ந்தன. இப்போது இம்மி பிசகுவதில்லை. முடிவு: நான் பம்பைப் பின்பற்றிய காலம் போய், பம்பு என்னைப் பின்பற்றுகிறது. விரைவில் கோள்களும் வரிசையில் வரும்.

லேசாகத் தலைவலி. மேதைமை மண்டைக்குள் இடம் கேட்கிறது போலும்.

பதிவு 5 | நாள் 202 | காலை 10:05

புரோட்டியஸிலிருந்து கோமதி:

"பல்லு புடுங்கியாச்சு அத்தான். பம்பு ஓடுதா?"

"ஓடுதாவா? குதிரையாட்டம் ஓடுதுல! இன்னும் ஆயிரம் வருசத்துக்கு இது நிக்காது, எழுதி வச்சுக்க!"

"அந்த வார்த்த போதும் அத்தான். ஆவுடை ஒங்கள எட்டிப் பாத்துட்டுப் போறேன்னு நிக்கா. இத அப்படியே அவளுக்கு அனுப்பிருதேன். எதுக்குப் புள்ளைக்கு வீண் அலைச்சல்?"

ஆவுடையம்மாள் என் அக்காள் மகள். சரக்குக் கப்பல் ஓட்டுகிறாள். இந்தப் பக்கம் வரும் ஒரே கப்பல் அவளுடையதுதான். சக்கரவர்த்திக்குச் சோதனை எதற்கு? அனுப்பு என்றேன்.

பதிவு 6 | நாள் 204 | காலை 11:20

நிலையத்தில் பேய் இருக்கிறது. பம்பு ஓசைக்கு அடியில், மிக மெல்லிசாக, யாரோ தும்முகிறார்கள். ஒரு முறை அல்ல. சீரான இடைவெளியில், திரும்பத் திரும்ப. ஜலதோஷம் பிடித்த பேய்!

வேறொருவன் ஓடியிருப்பான். நான் அதைச் சாம்ப்ளரில் பிடித்தேன். பேயின் தும்மலை வைத்துப் பாட்டுக் கட்டிய முதல் மனிதன் என்று சரித்திரம் சொல்லட்டும். தலைவலி பலம். மாடிப்படியை இமயமலையாக நினைத்து இரண்டு முறை உட்கார்ந்து ஏறினேன்.

பதிவு 7 | அதே நாள் | மதியம் 13:50

ஃபில்டரைத் திருகிப் பம்பின் கனத்த ஓசையைக் கழித்தேன். மிஞ்சியதைப் பெருக்கினேன்.

அது என் தும்மல்.

அதன் வாலில் கோமதியின் குரல்: "நூறாயுசு அத்தான்!"

பதிவு 8 | மதியம் 14:30

மிக்சரின் பின்புறம் பார்த்தேன். பம்பு மைக்கின் வயர் வெறுமனே தொங்குகிறது. அது இருந்த துளையில் கோமதியின் லூப் பெட்டியின் வயர். பெட்டியின் சிறு விளக்கு சிமிட்டுகிறது. பாழாய்ப் போன அந்தத் துண்டு அழிக்கப்படவில்லை. எட்டு நாளாகச் சுற்றிக்கொண்டிருக்கிறது. நல்ல பதிவுகள் எத்தனையோ இருந்தன. அவசரத்தில் கைக்கு இதுதான் அகப்பட்டது போல.

வயரைப் பிடுங்கினேன்.

இத்தனை பெரிய நிசப்தத்தை நான் கேட்டதில்லை. மிகைப்படுத்தவில்லை.

பதிவு 9 | மாலை 16:00

பம்பு அறைக்குப் போய் வந்தேன். உள்ளிருக்கும் ரப்பர் தோல் கிழிந்திருக்கிறது. மேலே விரல் தடிமனுக்கு உறைபனி. மாற்றுத் தோல் இல்லை. போல்ட் எல்லாம் இறுகியே இருக்கிறது. யாரும் தொட்ட அடையாளமில்லை. பம்பு சாவதை அவன் அன்றே பார்த்துவிட்டு, கதவைச் சாத்திக்கொண்டு மிக்சருக்கு வந்து, லூப்பைச் செருகிவிட்டு, அங்கிருந்தே உள்தொடர்பில் ராஜ நடை என்றிருக்கிறான்.

அசையாமல் படுத்திருந்தால் நாலைந்து நாளைக்குக் காற்று.

பதிவு 10 | மாலை 16:45

தளத்தை அழைத்தேன். கோமதிதான் எடுத்தான்.

"ஏலே, லூப்பக் கண்டுபிடிச்சுட்டேன்."

இரைச்சலுக்கு நடுவே அவன் குரல்:

"ஒத்த சீட்டு அத்தான். கேட்டா குடுத்திருப்பியளா?"

"நீ கேக்கலையேல!"

"பல்லு நெசமாவே வலிச்சுது அத்தான்."

தொடர்பு அறுந்தது. மறுபடி அழைத்தபோது யாரும் எடுக்கவில்லை. தளத்து ரேடியோ அவன் காவலில் இருக்கிறது போலும்.

கேட்டிருந்தால் கொடுத்திருப்பேனா? தெரியவில்லை. மகாஜனங்களே, அதைத் தெரிந்துகொள்ளும் வாய்ப்பையும் சேர்த்தே படகில் ஏற்றிக்கொண்டு போய்விட்டான். அவன் வாசிக்கும்போது ஒவ்வொரு திருகலிலும் எனக்காக ஒரு நொடி காத்திருப்பான். பதினோரு வருடம் அந்த ஒரு நொடியை நம்பித்தான் நான் பொத்தான் மேல் கையை ஓங்கினேன்.

பதிவு 11 | நாள் 205 | காலை 08:20

ஆவுடையின் கப்பல் இன்னும் எட்டும் தூரத்தில்தான். இன்று திரும்பினால் மூன்றாம் நாள் இங்கே இறங்கலாம். அழைத்தேன்.

"தாயி, பம்பு நின்னுட்டு. கோமதி என்னைய விட்டுட்டுப் போயிட்டான். கப்பலத் திருப்பு."

"மாமா! கோமதி சித்தப்பா அப்பவே சொன்னாவ, பம்பு நின்னுட்டுன்னு மாமா ஒரு நாடகம் போடுவாவ, நம்பாதன்னு. ஆயிரம் வருசம் ஓடும்னு நீங்க பேசுனது எங்கிட்ட இருக்கு."

"அது லூப்பு தாயி. கேளு, அதுல என் தும்மல் இருக்கு."

அனுப்பினேன். கேட்டுவிட்டுச் சிரித்தாள்.

"இதையெல்லாம் நீங்க நிமிசத்துல செஞ்சிர மாட்டியளா? போன தீவாளிக்கு வேத்துக்கிரகத்து ஆளுவ பாடுதாவன்னு கொதிக்கிற கெட்டில் சத்தத்த அனுப்பி, தளமே மூட்ட கட்டிக்கிட்டு நின்னுச்சே, மறந்து போச்சா?"

மறக்கவில்லை. என் ஆகச் சிறந்த படைப்பு அது.

"பம்பு அறைக்கு மைக்கக் கொண்டு போறேன். நீயே கேளு."

ஐந்து நிமிடம் பம்பின் முன் மைக்கைப் பிடித்தபடி நின்றேன்.

"ஒண்ணுமே கேக்கலையே மாமா. மைக்க அமத்திட்டியளா?"

எந்தச் சத்தத்தையும் என்னால் செய்துவிட முடியும். சத்தமே இல்லை என்பதை எதைக்கொண்டு செய்து காட்டுவேன்?

பதிவு 12 | காலை 08:55

கடைசியாக ஒரு வழி. சக்கரவர்த்தியையும் குதிரையையும் இமயமலையையும் கழற்றி வைத்துவிட்டு வெறுமனே பேசினேன்.

"ஆவுடை. எனக்கு மூச்சு முட்டுது. பயமா இருக்கு. வா."

அவள் சிரிக்கவில்லை. பிறகு கேட்டாள்:

"யாரு பேசுதது? கோமதி சித்தப்பாவா? மாமா கொரல வெட்டி ஒட்டி வெளையாடுதியளா? எங்க மாமா இப்படிப் பேசவே மாட்டாவ."

"நான்தான் தாயி."

"போங்க சித்தப்பா. சரக்க எறக்கிட்டு அடுத்த மாசம் திரும்பி வரையில ட்ரைட்டனுக்கு வாரேன்னு மாமாட்ட சொல்லுங்க. அவுகளுக்குப் பனங்கற்கண்டு வச்சிருக்கேன்."

பதிவு 13 | நாள் 207 | நேரம் பார்க்கவில்லை

படுத்தபடி எழுதுகிறேன். கப்பல் எட்டாத் தூரம் போய்விட்டது. விரல் நீலம். சாம்ப்ளர் பொத்தான்கள் மட்டும் கலர் கலராக எரிகின்றன, திருவிழா முடிந்த பிறகும் அவிழ்க்காத சீரியல் பல்பு மாதிரி.

நிசப்தம் தாங்கவில்லை. லூப் பெட்டியின் வயரை நானே மறுபடி செருகிவிட்டேன். வெட்கம்தான். தொக், தொக் என்றதும் நெஞ்சு பழைய பழக்கத்தில் நம்பி, பெரிதாக இழுத்துவிட்டது. அவ்வளவு காற்றைச் செலவழித்திருக்கக் கூடாது.

கோமதி டிலே வைக்காத ஒரே பாட்டு இது. சுத்தமாக, பக்கத்தில் இருப்பது போல.

பதிவு 14

தொக். தொக். தொக்.

இதோ வரப்போகிறது. தும்முகிறேன்.

நூறாயுசு அத்தான்.

தொக். தொக்.

மகாஜனங்களே, கதவைத் திறக்கும்போது பம்பு ஓடுவது போலக் கேட்கும். நம்பி முகமூடியைக் கழற்ற

தும்மல்.

நூறாயுசு அத்தான்.

தொக்.

ஏலே கோமதி, கேட்டிருக்கலாமே

தொக்.