இறந்தவர்கள் உன் பங்கு, மதினி

என் ஆசை மதினி பாண்டிச்செல்விக்கு,

நீ போன பிறகு இந்த வருஷத்தில் இன்னும் எத்தனையோ பேர் போய்விட்டார்கள். பெரிய ஓவியர் ஒருவர், கணிதத்துக்காக உலகப் பரிசு வாங்கிய ஒருவர், மலை ஏறிப் பேர் வாங்கிய ஒரு அம்மா, ஓய்வு பெற்ற நீதிபதி ஒருவர். உனக்கு இதையெல்லாம் யார் சொல்லியிருப்பார்கள்? வந்து சேர்ந்தவர்களிடம் நீயே போய் விசாரித்திருப்பாயோ?

நாளைக்குப் பரீட்சை. நாம் இரண்டு பேரும் சேர்ந்து விண்ணப்பம் போட்ட அதே அரசு வேலைப் பரீட்சைதான். போவதா வேண்டாமா என்று நேற்று வரை எனக்குத் தெரியவில்லை. பாதிப் பாடம் உன்னிடம் இருக்கிறதே, மதினி.

நடப்பு நிகழ்வுகளைப் பங்கு பிரித்தது நீதான். மாதாமாதம் வாங்கும் அந்தப் புத்தகத்தை அடுப்பு மேடையில் விரித்து வைத்துக்கொண்டு சொன்னாய். "உசுரோட இருக்கவுக பூரா உனக்கு. அவுக இன்னிக்கி ஒரு பதவி, நாளைக்கி ஒரு பதவின்னு மாறிக்கிட்டே இருப்பாக. காலேசு படிச்சவ நீதான் அதுக்குச் சரி. செத்தவுக எனக்கு. அவுக இனி எங்குட்டும் மாறமாட்டாக. ஒருக்காப் படிச்சாப் போதும்."

அந்தப் புத்தகத்தில் 'மறைந்த பிரமுகர்கள்' என்று ஒரு பக்கம் வரும். இந்தப் பக்கம் பெயர், அந்தப் பக்கம் துறை. பரீட்சைக்கு அவ்வளவுதான் வேண்டும். உனக்கு அது போதவில்லை. ஒவ்வொருவருக்கும் ஒரு உறவுமுறை வைத்தாய். கடலடியில் ஆராய்ச்சி செய்து இறந்துபோன விஞ்ஞானி நமக்குப் பெரியம்மா ஆனார். "கல்யாணமே முடிக்காம கடலுக்கடியில என்னமோ தேடிக்கிட்டே இருந்திருக்காக, பாவம். என் மூக்குத்தித் திருகாணி தொலஞ்சப்ப இவுகளைக் கூப்பிட்டிருக்கலாம்." வயலின் வித்வான் சித்தப்பா. "இவரும் உன்னைய மாதிரிதான்டி, வாயத் தொறக்க மாட்டாரு. ஆனா வாசிப்பாரு. நீ அதுவும் மாட்டேங்குற."

சொல்லிவிட்டுச் சிரிப்பாய். அடுத்த நிமிஷம் சோறு வடித்துக்கொண்டே மூக்கை உறிஞ்சுவாய். அம்மா பயந்துபோய் உள்ளே வருவாள். "என்னத்தா, யாரு?" "ஒண்ணுமில்ல அத்தே, நம்ம சித்தப்பா தவறிட்டாரு." "எந்தச் சித்தப்பா?" "வயலின் சித்தப்பா." அம்மா உன் தலையில் ஒரு குட்டு வைத்துவிட்டுப் போவாள்.

ஒரே ஒருவருக்கு மட்டும் நீ முறை சொன்னதில்லை. உனக்குப் பிடித்த அந்த நடிகர். அவர் உயிரோடு இருந்ததால் அவர் வாங்கிய விருதெல்லாம் என் பங்குக்கு வந்தது. அதில் உனக்குக் கோபம். "அவரு எனக்கு மட்டும்" என்பாய். அண்ணன் சாப்பாட்டிலிருந்து தலையைத் தூக்கி, "அப்ப நான் யாருடி?" என்பான். "நீக அரிசி மில்லு லோடு வண்டி. அவரு வேற வண்டி" என்பாய்.

மதினி, நீ காய்ச்சல் முற்றி நினைவில்லாமல் படுத்திருந்த அந்தச் சாயங்காலம் அவர் இறந்துவிட்டார்.

இதைச் சொல்லத்தான் எழுத உட்கார்ந்தேன். ஆஸ்பத்திரி வராண்டாவில் இருந்த டிவியில் போட்டார்கள். எல்லாரும் எழுந்து போய் அதன் கீழே நின்றார்கள். நான் உன் கட்டில் பக்கத்தில் இருந்தேன். நீ கண் முழித்ததும் எப்படிச் சொல்வது என்று யோசித்துக்கொண்டிருந்தேன். உடம்பு தேறட்டும், வீட்டுக்குப் போய்ச் சொல்லலாம். சொன்னதும் என்ன கூப்பாடு போடுவாய் என்று நினைத்தபோது சிரிப்புக்கூட வந்தது. விடிந்ததும் நீ போய்விட்டாய். அந்தச் செய்தி என்னிடமே நின்றுவிட்டது.

உன்னை ஆஸ்பத்திரியிலிருந்து நம் ஊர் புதுவயலுக்குக் கொண்டுவந்த அன்று காரைக்குடிப் பூக்கடைகளில் மாலை கிடைக்கவில்லை. முக்குக்கு முக்கு அவர் படம் வைத்து மாலை போட்டிருந்தார்கள். அண்ணன் உதிரிப் பூவைப் பையில் வாங்கிக்கொண்டு வந்தான். பந்தலுக்குள் நாற்காலியில் இருந்தவர்கள் பேசியது என் காதில் விழுந்தது. "கூட்டத்தப் பாத்தீகளா டிவியில? எப்பேர்ப்பட்ட மனுசன்!" "ஆமா, இனி அப்பிடி ஒருத்தர் வரப்போறாரா?" எனக்கு அவர்மேல் ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. உன் நாளைப் பிடுங்கிக்கொண்டு போய்விட்டாரே! அதுவும் உனக்குப் பிடித்த அவரே. இதை நீ கேட்டால் என்னோடு சண்டைக்கு வருவாய்.

பெண்கள் ஒருவர் தோளை ஒருவர் கட்டிக்கொண்டு அழுதார்கள். என்னையும் இழுத்தார்கள். எனக்குக் குரல் வரவில்லை. எழுந்து போய் வந்தவர்களுக்குக் காபி ஆற்றிக்கொண்டு நின்றேன். "கூடவே கெடந்து படிச்ச புள்ள, கண்ணுல ஒரு சொட்டுத் தண்ணி வருதா பாரு" என்று யாரோ சொன்னது கேட்டது. சொன்னதில் என்ன தப்பு?

அதற்குப் பிறகு உன் பங்கை நான் தொடவில்லை. நீ இறந்த மாதத்துப் புத்தகம் வாங்கியபடியே கிடந்தது.

நேற்று அண்ணன் லோடு இறக்கிவிட்டு வந்து, கை கால்கூடக் கழுவாமல் கேட்டான். "பரீட்சைக்குப் போறியா?"

"தெரியலண்ணே."

"பாதியத்தானே படிச்சிருக்க?"

"ம்."

"மிச்சத்தையும் படி. அவ வந்து படிக்கவா போறா?" என்னைப் பார்க்காமல் குழாயடிக்குப் போய்விட்டான். வெகுநேரம் தண்ணீர் ஓடும் சத்தம் மட்டும் கேட்டது.

இன்று காலை புத்தகங்களை அடுப்பு மேடையில் வைத்துப் பிரித்தேன். உன்னைப் போலவே வாய்விட்டுப் படித்தேன். ஓவியர் தாய்மாமன். மலை ஏறிய அம்மா அத்தை. கணிதக்காரருக்கு முறை கிடைக்கவில்லை, ஒன்றுவிட்ட அண்ணன் என்று வைத்துக்கொண்டேன். பிறகு நீ இறந்த மாதத்துப் புத்தகத்தைப் பிரித்தேன். முதல் பெயரே அவருடையது. துறை: திரைப்படம். என்ன முறை வைப்பது, மதினி? நீ சொல்லிவிட்டுப் போகவில்லையே.

என் வாயிலிருந்து ஒரு சத்தம் வந்தது. அது என் குரல்தானா என்று எனக்கே தெரியவில்லை. அம்மா கொல்லையிலிருந்து ஓடி வந்தாள்.

"ஏத்தா, என்னாச்சு? யாரு?"

"அந்த நடிகர் செத்துட்டாரும்மா."

"அடி கிறுக்கி. அவரு செத்து எம்புட்டு நாளாச்சு. இப்பப் போயி அழுகுற?"

"மதினிக்குத் தெரியாதும்மா."

அம்மா தரையில் உட்கார்ந்து என் கழுத்தைச் சேர்த்துப் பிடித்துக்கொண்டு ராகம் எடுத்தாள். "ஊருச் சாவெல்லாம் ஒருத்தியா அழுதவளே, உஞ்சாவுக்கு அழுக ஒருத்தி வாயடச்சு நின்னாளே..." அந்த ஒருத்தி நான்தான். நானும் அழுதேன். நீ போன அன்று அழ வேண்டியதை எல்லாம் சேர்த்து அழுதேன். பக்கத்து வீட்டு அக்கா சுவருக்கு மேலே எட்டிப் பார்த்து, "யாரு தவறிட்டாக?" என்று பதறிக் கேட்டார். அம்மா கண்ணைத் துடைக்காமல், "எங்க வீட்டு ஆளு" என்றாள். யாரைச் சொன்னாளோ, நான் கேட்கவில்லை.

மத்தியானம் பிரவுசிங் சென்டருக்குப் போய் ஹால் டிக்கெட் எடுத்தேன். உன்னுடையதையும் எடுத்தேன். படத்தில் சிரிக்கக் கூடாது என்று படம் எடுத்தவர் சொல்லியும் நீ உதட்டைக் கடித்துக்கொண்டு நிற்கிறாய். நாம் சேர்ந்தே போட்டதாலோ என்னவோ, ஒரே பள்ளி, ஒரே அறை, அடுத்தடுத்த எண்.

போகிறேன், மதினி. உன் பங்கும் இப்போது எனக்கு மனப்பாடம். நாளைக்கு எனக்குப் பின்னால் இருக்கும் மேசையில் உன் எண் ஒட்டியிருக்கும். அறையில் இருக்கிற சார் வந்து அதைப் பார்ப்பார். வரவில்லை என்று எழுதப் பேனாவை எடுப்பார். கல்லூரியில் என் பெயரைக் கூப்பிட்டபோதுகூடச் சத்தமாக 'உள்ளேன்' சொல்லாதவள் நான். நாளைக்கு எழுந்து நிற்பேன். "அது எங்க மதினி பாண்டிச்செல்வி, சார். அவுக இந்த வருசம் இறந்துட்டாக" என்று கடைசி மேசை வரை கேட்கும்படி சொல்வேன். அவர் எழுத வேண்டியதை எழுதிக்கொள்ளட்டும். அந்த அறையில் இருப்பவர்கள் ஒரு நிமிஷம் நிமிர்ந்து உன் பக்கம் பார்க்கட்டும். பிறகு உட்கார்ந்து எழுதுவேன்.

இது சத்தியம்.

உன்னைத் தவிர வேறு யாரிடமும் வாயாடாத உன் நாத்தனார்,
சுகந்தி