நல்ல காதுள்ள ஒருவர்

ரங்கத்

அக்காவுக்கு வைஜெயந்தியின் வணக்கம். மூட்டுவலி குறைந்ததா? அத்தான் ஒழுங்காகச் சாப்பிடுகிறாரா? நான் நலம். பள்ளியில் பிள்ளைகளின் ஆங்கில உச்சரிப்பை இன்னும் நான்தான் திருத்துகிறேன்.

என்னிடம் படித்த விஜயகுமாரி, சென்னையில் பேச்சு, செவித்திறன் பட்டப்படிப்பின் கடைசி வருடத்தில் இருக்கிறாள். ஆனர்ஸ் ஆராய்ச்சிக்காக இங்கே தீவுக்கு வந்து முதியவர்களின் காதைப் பரிசோதிக்கிறாள். ஒப்பிட்டுப் பார்க்க நல்ல காதுள்ள ஒருவர் வேண்டும் என்றாள். நானே போய் உட்கார்ந்தேன். அவள் சொன்ன சொற்களைப் பிசகாமல் திருப்பிச் சொன்னேன். பிறகு ஓர் அட்டையால் வாயை மறைத்துக்கொண்டு சொன்னாள். குரல் வந்தது, ஒரு சொல்லும் பிடிபடவில்லை.

"டீச்சர், நீங்க வாயசைவைப் பார்த்துத்தான் பதில் சொல்றீங்க."

"கான்வென்ட்ல வளர்த்த விதம் அப்படி. பேசறவங்க முகத்தைப் பாக்காம பதில் சொன்னா முட்டி போட வைப்பாங்க," என்றேன். அவள் சிரிக்கவில்லை.

பள்ளியில் இன்னும் சொல்லவில்லை. சொன்னால் வேலை போய்விடும். அதற்காக நீங்கள் கவலைப்பட வேண்டாம். விஜயகுமாரி எனக்கு ஒரு காது மெஷின் ஏற்பாடு செய்கிறாள்; அதற்கான சின்ன பேட்டரி அங்கே கிடைத்தால் வாங்கி அனுப்புங்கள்.

ஃபோனில் முகம் தெரியாது, அக்கா. லைன் சரியில்லை என்று இந்தத் தீவைத்தான் இதுவரை குறை சொன்னேன். போன ஞாயிறு நீங்கள் நெடுநேரம் பேசினீர்கள். நான் "ரொம்ப சந்தோஷம்" என்றதும் ஃபோனை வைத்துவிட்டீர்கள். அத்தானின் பயாப்ஸி முடிவைத்தான் சொன்னீர்களா?

தபால் பை கட்டும் நேரமாகிவிட்டது. என்ன சொன்னீர்கள் என்று உடனே எழுதுங்கள்.

உங்கள் தங்கை,
வைஜெயந்தி