ரோலர் அறையில் நீ கத்தவில்லை

இன்று காலை கடைக்கு ஒரு டிரான்சிஸ்டர் ரேடியோ பழுதுக்கு வந்தது. வட்டகொடைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் ஏலத்தில் எடுத்ததாகக் கொண்டுவந்தவர் சொன்னார். ஸ்டேஷன் மாற்றும் சக்கரம் திரும்பவில்லையாம். பின்மூடியைக் கழற்றியதும் தேயிலைத் தூளின் வாசனை மூக்கில் ஏறியது. சக்கரத்தின் மேல் சிவப்பு அரக்கு உறைந்திருந்தது. அந்த அரக்கை உருக்கி ஊற்றியவன் நான். பக்கத்தில் நின்று, "இல்லாட்டி வர்ற வெள்ளைக்காரன் எல்லாம் பாட்டுக் கேக்கப் போயிருவான், நல்லா ஊத்துடா நானா" என்று சொன்னவன் நீ. நாளைக்கு வாருங்கள் என்று அவரை அனுப்பிவிட்டு, கதவைப் பாதி சாத்திக்கொண்டு உனக்கு இதை எழுதுகிறேன். தோட்டத்தை நடத்தப் புதுத் தொரை வந்ததும் உன் மியூசியத்தை மூடிவிட்டார்களாம். நீ இருந்திருந்தால் இதைக் கேட்டு என்ன சொல்லியிருப்பாய் என்று எனக்குத் தெரியும், அதை எழுத முடியாது.

ஹட்டன் பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்சில் இருந்தவர்கள் நாம். ரேடியோக் கடை போட்ட நாளிலிருந்து, முஸ்லிம் கடைக்காரரை அண்ணன் முறையில் கூப்பிடுகிற மாதிரி, ஊருக்கெல்லாம் நான் நானா ஆனேன். நீயும் என் பெயரை மறந்து நானா என்றே கூப்பிட்டாய், கூட ஒரு 'டா'வைச் சேர்த்துக்கொண்டு. தேயிலை ஆலையை உங்கள் ஆட்கள் ஸ்டோர் என்பார்கள். அந்த ஸ்டோரில் தூள் சலிக்கும் அறையில் வேலைக்குச் சேர்ந்தாய். இங்கிலீஷ் நன்றாக வந்ததால், வருகிறவர்களுக்குச் சுற்றிக்காட்டும் வேலைக்குத் தொரை உன்னை மாற்றினார். பழைய கட்டடத்தில் ஆதிகாலத்துக் கை ரோலர், தராசு, கூடை, படங்கள் என்று வைத்து அவர் ஒரு மியூசியம் திறந்தபிறகு ஆட்கள் கூடினார்கள். அவர்களை மியூசியத்தில் தொடங்கி, ஓடும் மெசின்களுக்கு நடுவே நடத்திப்போய், கடைசியில் தேநீர் கொடுத்து நீ அனுப்ப வேண்டும். கொழுந்தை நசுக்கும் ரோலர்கள் ஓடும்போது காதோரம் கத்தினாலும் பாதிதான் விழும். வருஷக்கணக்காக நீ அந்தச் சத்தத்தோடு மல்லுக்கு நின்றாய். கடைசியில் தோற்றது உன் தொண்டை.

டாக்டர் சொன்னதை நீ என்னிடம் சொல்லவில்லை. உன் மனைவிதான் உன்னை இழுத்துக்கொண்டு கடைக்கு வந்தார். நீ ஸ்டூலில் உட்கார்ந்து, உனக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லாதவன் மாதிரி தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தாய்.

"இனிமே கத்துனா கொரலு திரும்ப வராதுன்னுட்டாரு டாக்டரு. தூசியிலயும் நிக்கக் கூடாதாம்" என்றார் அவர். "தொரைகிட்டப் போயி சொன்னா, கொரலு கேக்காத கைடு எனக்கு எதுக்கு, சலிக்கிற அறைக்கே திரும்பப் போன்னு சொல்றாரு. அங்க பூராத் தூசிதானேண்ணே? கத்துனாலும் போச்சு, கத்தாட்டியும் போச்சு. நீங்கதான் ஏதாவது மெசின் பாத்துக் குடுக்கணும்."

நீ அப்போதுதான் திரும்பினாய். "இவ சொல்றத நம்பாதடா. எனக்கு ஒண்ணுமில்ல" என்றாய். அந்த ஒண்ணுமில்லையில் பாதி எழுத்துக்குக் காற்றுதான் வந்தது.

முதலில் தகரத்தில் ஒரு கைக்குழல் செய்து கொடுத்தேன். இரண்டாம் நாளே திருப்பிக் கொண்டுவந்து, "ஊதுறதுக்கும் தொண்டைதானடா வேணும்" என்றாய். அடுத்தது மைக் செட். திருவிழாவுக்கு வாடகைக்கு விடும் என் செட்டை ரயிலில் ஏற்றிக்கொண்டு வந்து ரோலர் அறைத் தூணில் கட்டினேன். வேலை நடக்கும் நேரம். நீ மெதுவாகத்தான் பேசினாய். ஆனால் உன் உடைந்த குரலை அந்தக் குழாய் பெரிதாக்கி ஸ்டோர் முழுக்க இறைத்துவிட்டது. சலிக்கும் அறைப் பெண்கள் வாசலுக்கே வந்து சிரித்தார்கள். "கெழட்டுச் சேவல் கூவுது டோய்" என்று யாரோ ஒருத்தி சொன்னாள். நீயும் கூடச் சேர்ந்து சிரித்தாய், ஆனால் முகம் சுண்டிப்போனதை நான் பார்த்தேன். ரோலர்காரர் வந்து என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"நானா, மெசினு மொனகுறதக் கேட்டுத்தான் நான் கொழுந்த எறக்குறேன். இந்தக் கொழாயி கத்துனா எனக்கு ஒண்ணும் வெளங்காது. கொழுந்து கெட்டுப்போனா தொரை என்னையத்தான் பிடிப்பாரு. கழட்டிருங்க."

அவர் சொன்னது நியாயம். கழற்றினேன்.

சீமையில் ஒரு மியூசியத்தில் கம்பியே இல்லாமல் வருகிறவர்கள் காதில் பேச்சைக் கேட்க வைக்கிறார்களாம் என்று தொரை எங்கோ படித்துவிட்டு உன்னிடம் சொன்னார். தோட்டத்துக் கம்பெனிக்காரர்கள் கொழும்பிலிருந்து விருந்தாளிகளோடு வரும் நாளில் எல்லாருக்கும் கேட்க வேண்டும், இல்லையென்றால் கொழும்பிலிருந்தே வேறு கைடு வருவான் என்றும் சொன்னாராம். நீ என் கடையில் வந்து இதைச் சொன்னபோது சிரிக்கவில்லை.

அப்படித்தான் மூன்றாவதைச் செய்தோம். உன் நெஞ்சில் மாட்ட ஒரு சிறு பெட்டி, அதிலிருந்து பேச்சு அலையாகப் போகும். வருகிறவர்கள், சக்கரம் அந்த அலையிலேயே நிற்கும்படி அரக்கு ஊற்றிய டிரான்சிஸ்டரை ஆளுக்கொன்றாகத் தோளில் மாட்டி, அதன் ஒலிக்குமிழைக் காதில் வைத்துக்கொள்ள வேண்டும். கிசுகிசுத்தால் போதும். இப்படி அலை அனுப்ப அரசாங்க அனுமதி வாங்கித் தருவதாகத் தொரை சொன்ன காகிதம் கடைசிவரை வரவில்லை. தெருவில் போலீஸ் ஜீப் போனாலே நான் அந்தப் பெட்டியை அரிசிச் சாக்குக்குள் தள்ளினேன். உனக்காகக் கள்ளக்கடத்தல்காரன் மாதிரி வாழ்ந்தேன் நான்.

மெசின் ஓடும்போது ஒருமுறை பார்த்துவிடலாம் என்று படித்துப் படித்துச் சொன்னேன். நீ கேட்கவில்லை. "திங்கக்கெழம வா. இஸ்டோருல ஒருத்தரும் இருக்க மாட்டாங்க. ஒரு தடவ சிரிச்சது போதும்டா" என்றாய். ஞாயிற்றுக்கிழமை கொழுந்து பறிப்பதில்லை. பறித்த கொழுந்து ஒரு ராத்திரி வாடியபிறகுதான் ரோலருக்கு வரும், அதனால் திங்கட்கிழமை ரோலர் ஓடுவதில்லை. தோட்டத்தில் பிறந்த உனக்கு அது தெரியாதா? தெரிந்துதான் அந்த நாளைக் கேட்டாய். அன்று அறையின் அந்தக் கோடியில் உன் மனைவி காதில் குமிழோடு நின்றார். நீ இந்தக் கோடியில் நின்று, உதடு அசைவது எனக்கே தெரியாதபடி ஏதோ சொன்னாய். "கருவாட்டுக் கொழம்பு!" என்று அங்கிருந்து பதில் வந்தது. ராத்திரிக்கு என்ன என்று கேட்டிருக்கிறாய். அவர் சிரித்துக்கொண்டே முந்தானையால் கண்ணைத் துடைத்தார். பிழைத்துவிட்டோம் என்று நான் நினைத்தேன்.

கம்பெனிக்காரர்கள் வந்த நாளில் விடியும் முன்பிருந்தே ரோலர்கள் ஓடிக்கொண்டிருந்தன. நான் பெட்டிக்குக் காவலாகப் பின்னால் வந்தேன். மியூசியத்தில் எல்லாம் நன்றாகப் போனது. பழைய தராசைப் பற்றி நீ ஏதோ சொல்ல, எல்லார் முகத்திலும் ஒரே நேரத்தில் சிரிப்பு வந்தது. தொரை தன் மீசையைத் தடவிக்கொண்டார். பிறகு ரோலர் அறைக் கதவு திறந்தது.

என் காதிலும் ஒரு குமிழ் இருந்தது. கதவைத் தாண்டியதும் உன் குரல் போய், எண்ணெயில் கடுகு வெடிக்கிற சத்தம்தான் கேட்டது. மேலே ஓடும் தோல் பெல்ட்டுகள் உரசி உரசி எழுப்பும் மின்சாரம் எங்கள் ரேடியோக்களுக்குள் புகுந்துவிட்டது. திங்கட்கிழமை அந்தப் பெல்ட்டுகள் சும்மா தொங்கிக்கொண்டிருந்தன. விருந்தாளிகள் முகம் சுளித்துக் குமிழ்களைப் பிடுங்கினார்கள். ஒருவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். தொரை உன் பக்கம் திரும்பி, சத்தமாகப் பேசு என்று இங்கிலீஷில் கத்தினார். இன்னொருமுறையும் கத்தினார்.

நீ மூச்சை இழுத்தாய். நெஞ்சிலிருந்த பெட்டி மேலே எழும்பியதை நான் பார்த்தேன். "வேணாம்டா!" என்று கத்தினேன். அல்லாஹ்வே, என் சத்தம் என் காதிலேயே விழவில்லை. நாலு பேரைத் தள்ளிக்கொண்டு உன்னிடம் வருவதற்குள் நீ வாயைத் திறந்துவிட்டாய்.

திறந்த வாயை நீ மூடிக்கொண்டாய். தொரையின் முகத்துக்கு நேரே கையை உயர்த்தினாய். ரோலர்காரர்கள் தங்களுக்குள் பேசிக்கொள்ளும் கைப்பேச்சு அது. நில், மேலே வா என்று அர்த்தம். அந்தச் சத்தத்தில் பிழைக்கிற ஆட்களுக்கு வாயைவிடக் கைதானே பழக்கம். தொரைக்கும் அது தெரியும், ஆனால் ஒரு வேலையாள் அவரைப் பார்த்து அப்படிக் காட்டியதில்லை. ரோலர்காரர் வேலையை விடாமல் உன்னையே பார்த்துக்கொண்டிருந்தார். நீ யாருடைய பதிலுக்கும் நிற்காமல் படியேறினாய். வெள்ளைக்காரப் பெண் ஒருத்தி முதலில் உன் பின்னால் போனாள். பிறகு மற்றவர்களும் போனார்கள். கடைசியாகத் தொரை ஏறினார்.

கொழுந்து வாட்டும் மேல்மாடியில் பெல்ட் இல்லை. இரைச்சலும் பலகைக்குக் கீழே அடங்கிப்போனது. குமிழில் கரகரப்பு மெலிதாக இருந்தாலும் உன் குரல் துலக்கமாக வந்தது. கீழே பார்க்கப்போவதையெல்லாம், கொழுந்து நசுங்குவது, நிறம் மாறுவது, காய்வது, சலிப்பது என்று கிசுகிசுப்பிலேயே சொல்லி முடித்தாய். இனி கீழே நான் பேசமாட்டேன், என் கையைப் பாருங்கள் என்றாய். இறங்கிப்போய் ஒரு வார்த்தை இல்லாமல் சுற்றிக்காட்டினாய். நசுங்கிய கொழுந்தை அள்ளி ஒவ்வொருவர் மூக்கருகிலும் நீட்டினாய். அவர்கள் உன்னை ஒட்டி ஒட்டி நடந்தார்கள். இந்த முறை சலிக்கும் அறைப் பெண்கள் சிரிக்கவில்லை.

போகும்போது தொரை உன்னிடம், இனி இப்படியே நடத்து என்றார். என்னிடம், உன் பெட்டி ரோலர் அறைக்கு உதவாது என்றார். உண்மைதான், ஆனாலும் எனக்குக் கோபம் வந்தது. ரயிலடிவரை அவரைத் திட்டிக்கொண்டே வந்தேன். நீ என் தோளில் கையைப் போட்டுக்கொண்டு, "அவரு மேல வந்தாருல்லடா, அது போதும்" என்றாய்.

சலிக்கும் அறைக்கு நீ திரும்பிப் போகவில்லை. சின்னதாகிப்போன குரல் கடைசிவரை உன்னிடம் இருந்தது. உன்னைக் கொண்டுபோனது நெஞ்சுச் சளி. பழைய தூசியின் வேலை என்றார்கள். ஆஸ்பத்திரியில் உன்னைப் பார்க்க வந்த அன்று வார்டு முழுக்கச் சந்தை இரைச்சல். நீ ஏதோ சொன்னாய். கட்டிலில் உட்கார்ந்து உன் வாயருகே காதை வைத்தேன். "நேரமாச்சு, பசியோட இருக்காத. போயி சாப்புட்டு வாடா" என்றாய். நான் போகவில்லை. நீ தூங்கும்வரை அப்படியே குனிந்திருந்தேன். அதற்குப் பிறகு நீ என்னிடம் பேசவில்லை.

ரேடியோக் கடை எப்படி இருக்கும் என்று உனக்குத் தெரியும். நாலு பெட்டி நாலு பாட்டுப் பாடும். முன்பெல்லாம் யாராவது மெதுவாகப் பேசினால் இருந்த இடத்திலிருந்தே, சத்தமா சொல்லுங்க என்பேன். இப்போது அந்த வார்த்தை எனக்கு வாயில் வருவதில்லை. நேற்று ஒரு கிழவி நனைந்த கம்பளியோடு வாசலில் நின்று ஏதோ முணுமுணுத்தாள். பாட்டுகளை ஒவ்வொன்றாக நிறுத்திவிட்டு, மேசையைச் சுற்றிக்கொண்டு அவளிடம் போய்க் குனிந்து நின்றேன்.