ஏன் அந்த இடம் மட்டும்?

பாய்,

நேற்று பெரம்பலூரில் பல் டாக்டரிடம் போயிருந்தேன். குட்டிக் கண்ணாடியை வாய்க்குள் விட்டுப் பார்த்த அந்தப் பெண், "இன்னும் உமிக்கரியிலயா பல்லு விளக்குறீங்க? இடப்பக்கம் நல்லா தேஞ்சு போயிருக்குங்க" என்றார். வாயில் பஞ்சோடேயே, ஏன் இடப்பக்கம் மட்டும் என்று கேட்டேன். வலக்கைக்காரர்களுக்கு அந்தப் பக்கம்தான் அழுத்தம் அதிகம் விழுமாம். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அது உன் கேள்வி அல்லவா?

வேப்பந்தட்டைப் பக்கம் உமி எரிக்கும் அந்த ஆலை நினைவிருக்கிறதா? பாய்லர் குழாய்களின் சுவர்க் கனம் பார்க்க நம்மைக் கூப்பிட்டிருந்தார்கள். குழாயில் பசையைத் தடவி மீட்டரின் முனையை வைத்தால் கனத்தைச் சொல்லிவிடும். வழக்கமாகப் பார்க்கும் இடங்களெல்லாம் சரியாகவே இருந்தன. சாயங்காலமே பாய்லரை மூட்டவேண்டும் என்று மேனேஜர் வாசலில் நின்றார். மூட்டியதும் அதன் முன்னால் வேலைக்கு நிற்கப்போகிறவர் என் அக்கா வீட்டுக்காரர். ஆனாலும் சீக்கிரம் கிளம்பினால் தேவலை என்றுதான் எனக்கு இருந்தது. நீதான் டார்ச்சை எடுத்துக்கொண்டு மறுபடி உள்ளே நுழைந்தாய்.

"என்ன பாய், எல்லாந்தான் பாத்தாச்சே?"

"மீட்டரு வச்ச எடத்தத்தான் சொல்லும் மாப்ள. வைக்காத எடத்தப் பத்தி அதுக்கு என்ன தெரியும்?"

கட்டைவிரலால் ஒவ்வொரு குழாயாக வருடிக்கொண்டே போய் இடது மூலையில் நின்றாய். என் கையையும் இழுத்து அங்கே வைத்தாய். உருண்டையாக இருக்கவேண்டிய குழாய் ஒரு பக்கம் தட்டையாக, வழவழவென்று இருந்தது. மீட்டரை வைத்தால் பாதிக் கனம்கூட இல்லை. எனக்கு அக்கா முகம்தான் கண்ணுக்குள் வந்தது. உனக்கோ பெருநாள் வந்த மாதிரி குஷி. "ஏன் இந்த எடம் மட்டும்?" என்று ஆரம்பித்துவிட்டாய்.

போர்த் தண்ணீரின் உப்புதான் அரித்திருக்கும் என்றேன். குழாயை அறுத்துப் பார்த்தால் உள்பக்கம் சுத்தமாக இருந்தது. தேய்ந்தது வெளிப்பக்கம். கீழே கிடந்த உமிச் சாம்பலைத் தொட்டு என் பல்லைப் பார்த்தாய். "நீ காலையில தேய்க்கிறியே, அதோட வம்சந்தான். பேருதான் சாம்பலு, தேய்க்கிறது மணலு மாதிரி." சரி, அந்தச் சாம்பல் எல்லாக் குழாய்மேலும்தானே போகிறது? விடாமல் தேடினோம். புகையைத் திருப்பிவிடும் தகடு அந்த மூலையில் உடைந்து சந்து விட்டிருந்தது. அதைக் கண்டுபிடித்தது நான்தான், மறந்துவிடாதே. மற்ற இடங்களில் மெல்லப் போகும் புகை அந்தச் சந்தில் மட்டும் சாம்பலோடு சீறிப் பாய்ந்திருக்கிறது. "பஸ் கெளம்புறப்ப படியில முட்டுற கூட்டந்தான்" என்றாய். குழாயை மாற்றித் தகட்டைச் சரிசெய்த பிறகுதான் மூட்டவிட்டாய். அக்கா வீட்டுக்காரர் இப்போது ரிட்டயராகி, பேரனைப் பள்ளிக்கூடத்தில் கொண்டுபோய் விடுகிறார்.

போன வருடம் உன்னைத் திருச்சி ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். மூளையில் ஒரு ரத்தக் குழாயின் சுவர் மெலிந்து வெடித்துவிட்டது என்றார் டாக்டர். லப்பைக்குடிக்காட்டிலிருந்து வந்த உன் சனமெல்லாம் அழுதுகொண்டு நிற்க, நான், "ஏன் சார் அந்த எடம் மட்டும்?" என்று கேட்டுவிட்டேன். எல்லாரும் என்னை ஒரு மாதிரி பார்த்தார்கள். உன் மனைவி மட்டும், "அவங்க இருந்திருந்தாலும் இதத்தான் கேட்டிருப்பாங்க" என்றார்.

"சில பேருக்கு அப்படித்தாங்க" என்றார் டாக்டர். அந்தப் பதில் உனக்குப் போதாது. எனக்கும் போதவில்லை பாய். இன்றுவரை கோபமாக வருகிறது.

எந்த ஆலைக்குப் போனாலும், மீட்டர் சரி என்று சொன்ன பிறகு ஒருமுறை டார்ச்சோடு உள்ளே போகிறேன். மேனேஜர்கள் வாசலில் நின்று கடிகாரத்தைப் பார்க்கிறார்கள். பார்க்கட்டும்.

உமிக்கரியை விடச் சொல்லியிருக்கிறார் பல் டாக்டர். விடவில்லை. இன்று காலை இடக்கையால் விளக்கிப் பார்த்தேன், இனி வலப்பக்கம் தேய்கிறதா என்று பார்ப்போமே! தெரிய வருடக்கணக்காகும். தெரிந்த பிறகு ஓடிப்போய் யாரிடம் சொல்வது என்பதுதான் தெரியவில்லை.