நண்டோட்டு மருந்து

பெப்ரவரி 9, திங்கள்

விடியவே வாடைக்காற்று. முற்றம் முழுக்க மணல். யாழ்ப்பாணத்து ஆய்வுகூடத்துக்கு நண்டு ஓடு சேர்க்க ஊர் வீட்டுக்கு வந்து மூன்றாம் நாள். ஓட்டிலிருந்து கைட்டோசான் என்ற பொலிமரை எடுத்து, கண்ணுக்குத் தெரியாத பைகள் செய்து, உள்ளே புற்றுநோய் மருந்தை வைத்துக் கட்டிக்கு மட்டும் அனுப்புவது. இதுதான் என் ஆராய்ச்சி. இதுவரை கண்ணாடித் தட்டில் வளர்க்கும் உயிர்க்கலங்களில் மட்டும். பேராசிரியரின் குறுந்தகவல்: பைத் துகள்கள் மறுபடி ஒன்றோடொன்று ஒட்டிவிட்டன. நாசமாய்ப் போக.

மாலை சின்னம்மா வந்தார். அம்மாவின் தங்கை. பேசாலையில் நண்டு வாடியில், கடற்கரைக் கொட்டிலில், சதை எடுக்கும் வேலை. மார்பில் புற்றுநோய்க் கட்டி. ஊசிகள் போட்டுக் கட்டி சுருங்கிய பிறகுதான் வெட்டுவார்களாம். ஒரு உரப்பை நிறைய ஓடு கொண்டுவந்தார், கழுவிக் காயவைத்து.

"மணந்து பார், நாறாது. ஒரு ஓடும் கடலில கொட்டக்கூடாதெண்டு வாடியில சொல்லிப்போட்டன்."

பெப்ரவரி 10, செவ்வாய்

உப்புக்குளம் மில்லில் ஓடு அரைக்க மறுத்துவிட்டார்கள். "நோன்பு வருகுது புள்ள. நண்டு மணத்தோட சனத்துக்கு மா அரைக்கேலுமா?" நியாயம்தான். வீட்டு உரலில் இடித்தேன். கை கொப்பளம்.

சின்னம்மாவும் இடிக்க வந்தார். வியாழன் ஊசிக்குக் கிளினிக் எத்தனை மணிக்கு என்று கேட்டேன்.

"நான் போகமாட்டன். உன்ர மருந்து வரட்டும். மயிர் கொட்டாது, சத்தி வராது எண்டு நத்தாருக்கு நீதானே சொன்னனீ?"

சொன்னேன்தான், முடி உதிராது, வாந்தி வராது என்று. கிறிஸ்மஸுக்கு வந்தபோது கோயில் அறிவித்தல் தாளின் பின்பக்கத்தில் பை, கட்டி, அம்புக்குறி எல்லாம் கீறிக் காட்டினேன். எப்போது வரும் என்று மட்டும் சொல்லவில்லை. என்ன மடைச்சி நான்!

பெப்ரவரி 11, புதன்

காலை. தேத்தண்ணி. சொல்லிவிட்டேன்.

"சின்னம்மா, அது இன்னும் மருந்தில்லை. எலிக்குக்கூடக் குடுக்கேல்லை. பத்து வருசமும் ஆகலாம், சரிவராமலும் போகலாம்."

"அப்ப நான் கழுவின ஓடு?"

"ஆராய்ச்சிக்கு."

"எனக்கில்லையா?"

"இல்லை."

உரப்பையின் வாயைக் கட்டிக்கொண்டே இருந்தார். "நேரத்தோட சொல்லியிருக்கலாமே பிள்ளை." கோபமே இல்லை. ஏசியிருந்தால் நல்லது. வெட்கமாக இருந்தது.

நாளைக்குக் கிளினிக்குக்கு நானும் வாறன் என்றேன். "ஓம், வா."

பெப்ரவரி 12, வியாழன்

முதல் பஸ். யாழ்ப்பாணம். கிளினிக்கில் சனம். எங்களைக் கூப்பிடப் பதினொன்றாகிவிட்டது. டொக்டர் அட்டையைப் பார்த்தார்.

"போன மாதம் ஊசிக்கு ஏன் வரேல்லை?"

எனக்கும் தெரியாது. எட்டிப் பார்த்தேன். ஜனவரிக்கு நேரே வெறுமை. நத்தாரிலிருந்தே என் மருந்துக்குக் காத்திருந்திருக்கிறார்.

திரை மறைவில் சோதித்துவிட்டு வந்து டொக்டர் சொன்னார்: "கட்டி பெருத்திருக்கு. திரும்ப ஸ்கான் எடுக்கவேணும். ஏனம்மா வராமல் விட்டனீங்கள்?"

சின்னம்மா என்னை ஒருதரம் பார்த்தார்.

"பஸ்ஸை விட்டிட்டன், டொக்டர்."

"அடுத்த நாள் வந்திருக்கலாமே?"

"ஓம். என்ர பிழைதான்."

நான் பக்கத்துக் கதிரையில்தான் இருந்தேன். வாய் திறக்கவில்லை.