பதினேழாம் எண் டிஸ்க்

அன்பு மகள் குருவிக்கு,

அப்பா எழுதுகிறேன். நீயும் மாப்பிள்ளையும் பிள்ளைகளும் நோய் நொடி இல்லாமல் இருக்கவேண்டும், மற்றதெல்லாம் அதற்குப் பிறகுதான். எனக்கும் குறை ஒன்றுமில்லை, முழங்கால் மட்டும் மாடிப்படியைக் கண்டால் அடம் பிடிக்கிறது. ஞாயிறுதோறும் போனில் பேசுகிறோமே, கடிதம் எதற்கு என்று நினைப்பாய். நீ "சாப்டீங்களாப்பா" என்று கேட்பாய், நான் "ஆச்சும்மா" என்பேன், அங்கே மழையா என்று விசாரிப்பேன், அதோடு நம் பேச்சு தீர்ந்துவிடும். இது அதற்குள் அடங்குகிற விஷயம் இல்லை.

அம்மா போன பிறகு பின்னறையை நான் திறக்கவே இல்லை. போன மாதம் சுவரில் ஈரம் கசிகிறது என்று கொத்தனார் வந்து அலமாரியை நகர்த்தினார். அதற்குப் பின்னால் நம் பழைய கம்ப்யூட்டர், டிவியோடு சேர்த்து ஓட்டுவோமே அது, பக்கத்திலேயே ஒரு செருப்புப் பெட்டி நிறைய பிளாப்பி டிஸ்க், ஒவ்வொன்றிலும் நான் எழுதி ஒட்டிய எண். "தூக்கிப் போட்ரவா சார்" என்றார் கொத்தனார். "இருக்கட்டும்ப்பா" என்றேன். பெரிய ஆசை ஒன்றும் இல்லை. ஒரு நாள் முழுக்க நான் பேசிய பேச்சைக் கூட்டிப் பார்த்தால் பால்காரரிடம் சொன்ன நாலு வார்த்தைதான் தேறுகிறது, ஏதாவது வேலை இருந்தால் பொழுது போகுமே என்றுதான். கம்ப்யூட்டருக்கு உயிர் வந்தது. ஆனால் டிஸ்க் ஓட்டும் பெட்டிக்குள் ரப்பர் பெல்ட் உருகித் தார் மாதிரி ஒட்டிக்கிடந்தது. கடைத்தெருவில் பழைய கருவிகளைச் சரிசெய்யும் ஒரு பெண்மணி இருக்கிறாள், செத்ததையெல்லாம் எழுப்பிவிடுவதால் எல்லோரும் அவளை டாக்டரம்மா என்றே கூப்பிடுகிறார்கள். அவளிடம் தூக்கிக்கொண்டு போனேன். பெல்ட்டைத் தேடி அலையாதீங்க, அதே இடத்தில் வேறு ஒன்றை வைத்துவிடுகிறேன் என்றாள். உள்ளங்கை அளவு பெட்டி, அதில் ஒரு பென்டிரைவைச் செருகவேண்டும், டிஸ்க் எல்லாவற்றையும் நகல் எடுத்து அதற்குள் போட்டுவிடலாம், பொத்தானை அமுக்கினால் எண் மாறும், எண் மாறினால் டிஸ்க் மாறின மாதிரி. "கம்ப்யூட்டருக்கு வித்தியாசமே தெரியாது சார், நிஜ டிஸ்க்னு நம்பிக்கிட்டே ஓடும்" என்று சிரித்தாள்.

நகல் எடுக்கிற மூன்று நாளும் நான் அவள் கடையிலேயே ஒரு ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்திருந்தேன். பூஞ்சை பிடித்த டிஸ்க்குகளை ஸ்பிரிட்டில் துடைத்துத் துடைத்து அவள் தன்னிடமிருந்த நல்ல டிரைவில் போட்டாள். பாதிக்கு மேல் தேறின. பதினேழாவதை எடுத்தபோது நான் கையை நீட்டித் தடுத்தேன். அது காலி என்றேன், விட்டுவிடலாம் என்றேன். அவள் கேட்கவில்லை. அழித்தாலும் அடியில் கிடக்கும், அதன் மேல் வேறு எதையாவது எழுதினால்தான் போகும் என்றாள். கொஞ்ச நேரம் கழித்து, "சார், இதுல ரெண்டு பேர் எழுதினது இருக்கு" என்றாள்.

எந்த டிஸ்க் என்று உனக்கு இதற்குள் தெரிந்திருக்கும். உனக்குப் பதின்மூன்று வயது. பள்ளிப் போட்டிக்காக நாலு மாதம் உட்கார்ந்து ஒரு விளையாட்டு எழுதினாய், வீட்டுக்குள் அறை அறையாக நடந்து போகிற மாதிரி. கொடுக்கவேண்டிய அன்று காலை டிஸ்க் வெறுமையாக இருந்தது. அண்ணன் ஸ்பீக்கரைப் பிரித்துப் போட்டிருக்கிறான், காந்தம் பட்டு அழிந்திருக்கும் என்று நான் சொன்னேன். அவனை அடித்தும்விட்டேன். அம்மாடி, அதை அழித்தது நான்தான். எங்கள் மேலாளருக்குப் பிரிவுபசார உரை அடித்துக்கொண்டிருந்தேன், இடமில்லை என்று வந்தது, அண்ணனுடைய விளையாட்டு எதுவோ என்று நினைத்து அந்த டிஸ்க்கில் இருந்ததை அழித்துவிட்டு உரையை ஏற்றினேன். அச்சடித்து முடித்ததும் அதையும் அழித்துப் பெட்டியில் வைத்தேன். மறுநாள் நீ அழுதபோதே எனக்குப் புரிந்துவிட்டது. சொல்லத்தான் வாயைத் திறந்தேன், உன் முகத்தைப் பார்த்ததும் வேறு வார்த்தை வந்துவிட்டது. வந்ததை அப்படியே விட்டுவிட்டேன். அம்மாவிடம்கூடச் சொல்லவில்லை.

அண்ணனிடம் நேரில் போய்ச் சொன்னேன். மைக் செட் கடையில் ஒயர் சுற்றிக்கொண்டிருந்தான். கத்துவான் என்று மனசைத் திடப்படுத்திக்கொண்டுதான் போனேன். அவன் சுற்றுவதை நிறுத்திவிட்டு, "அப்ப அது நான் இல்லையாப்பா?" என்று கேட்டான். எனக்கு விளங்கவில்லை. "ஸ்பீக்கரைப் பிரிச்சது நிஜம்தானே, காந்தத்தை எங்க வச்சேன்னு ஞாபகம் இல்ல, நான்தான்னு நானே நம்பிட்டேன். அவ கல்யாணத்துலகூட எந்த மூஞ்சியோட முன்னாடி நிக்கறதுன்னு பின்னாலயே நின்னேன்" என்றான். நீ அவனை மன்னிக்கவில்லை, அதனால் அவன் ஒதுங்குகிறான் என்றே இத்தனை வருஷமும் நான் நினைத்திருந்தேன். அவனே தன்னை மன்னிக்கவில்லை. எனக்கு ஒரு டீ வாங்கிக்கொடுத்தான், தான் குடிக்கவில்லை. கிளம்பும்போது, "அவகிட்ட நீங்களே சொல்லுங்க" என்றான். மறுபடி ஒயரைச் சுற்ற ஆரம்பித்தான்.

உன் விளையாட்டின் முன்பாதி தப்பியிருக்கிறது. பெட்டியில் பதினேழை வைத்து ஓட்டிப் பார்த்தேன். ஆங்கில எழுத்தில் தமிழை எழுதியிருக்கிறாய். முதல் அறையில் அண்ணன் எதையோ பிரிக்கிறான், இரண்டாவதில் அம்மா தையல் மிஷின் மிதிக்கிறாள், பேசினால் "ஊசி எங்கடி" என்கிறாள். அங்கேயே ரொம்ப நேரம் நின்றுவிட்டேன், திரும்பத் திரும்பப் பேசினேன், திரும்பத் திரும்பக் கேட்டாள். மூன்றாவது, அப்பா அறை. கதவு சாத்தியிருக்கு, தட்டவா என்று கேட்கிறது. ஆம் என்று அடித்தேன். அதோடு நின்றுவிடுகிறது. அதற்கடுத்த வரிகள் மேல்தான் மேலாளரைப் புகழ்ந்து நான் அடித்த உரை உட்கார்ந்திருக்கிறது. டாக்டரம்மா என்ன முயன்றும் முடியவில்லை. கதவுக்கு அந்தப்பக்கம் என்ன எழுதியிருந்தாய் என்று உனக்கு நினைவிருந்தால் சொல்லு. கோபம் தீர்ந்த பிறகு சொன்னால் போதும், அவசரம் இல்லை.

தேறிய பாதியை இத்துடன் ஒரு பென்டிரைவில் வைத்திருக்கிறேன். சின்னவளைத் திரைக்கு ரொம்பப் பக்கத்தில் உட்காரவிடாதே. நீயும் நேரத்துக்குச் சாப்பிடு, வேலை எங்கேயும் ஓடிப்போகாது. எல்லோரும் தீர்க்காயுசாக, மனசில் ஒரு முள்ளும் இல்லாமல் இருக்கவேண்டும். ஒன்றை மட்டும் மறந்துவிடாதே, அண்ணன் தானாகக் கூப்பிடமாட்டான், நீதான் கூப்பிடவேண்டும். மத்தியானம் இரண்டு மணிக்குக் கடையில் கூட்டம் இருக்காது. என்னிடம் பேசுவதற்கு முன்னால் அவனிடம் பேசு.

இப்படிக்கு,
உன் அப்பா