சுவருக்கு அந்தப் பக்கம் ஒரு ஆள்

பெரியவன் அம்மாவுக்கு,

நான் நல்லா இருக்கேன். உனக்குச் சளி விட்டுதா? உன் மாமனாருக்குக் கால் வீக்கம் வடிஞ்சுதா, இல்ல இன்னும் உட்கார்ந்த இடத்துலேர்ந்தே உன்னை ஏவிக்கிட்டு இருக்காரா?

இங்கே ஒரு பழைய வீட்டுல வேலை. மேஸ்திரி காலையில இறக்கிவிட்டா சாயந்தரம்தான் வருவார். அதுவரை நான் மட்டும்தான். சுவரைத் தட்டிப் பார்ப்பேன். காலியா சத்தம் வந்தா பூச்சு விட்டிருக்குன்னு அர்த்தம், கொத்தி எடுத்துட்டுப் பூசணும். ஒருநாள் தட்டினா, அதே சுவரை ஒட்டின பக்கத்து வீட்டுலேர்ந்து பதிலுக்குத் தட்டுறாங்க. ஒரே சந்தோஷம் எனக்கு. தினமும் நான் தட்ட, அவங்க தட்ட, பேசிக்கிற மாதிரியே ஆயிடுச்சு.

போன வாரம் அந்த வீட்டம்மா வாசலுக்கே வந்து கத்திட்டுப் போனாங்க. இத்தனை நாளும் நிறுத்தச் சொல்லித்தான் தட்டியிருக்காங்க. பாஷை புரியலைன்னா திட்டு புரியாதா? நீ திட்டுற அதே இழுவை. சிரிச்சுட்டேன்.

பூச்சு முடிஞ்சுது. சுவரடியில ஸ்கர்ட்டிங் பலகையும் அடிச்சாச்சு. இனி தட்ட வேண்டியதே இல்லை. இன்னிக்கும் தட்டினேன். பூசின இடம் விரிசல் விடுற வரைக்கும் தட்டினேன். அவங்க வரலை.

நாளைக்கு வேற வீடு. தனி வீடாம், பக்கத்துல எதுவும் இல்லையாம்.

தூசிக்கு மூக்குல கட்டிக்க உன் பழைய புடவையில ஒரு துண்டு கிழிச்சு அனுப்பு. துவைக்க வேண்டாம்.

வண்டி ஹாரன் அடிக்குது. அடுத்த தடவை போன்ல சாப்பிட்டீங்களான்னு கேக்காதே. ஏதாவது குத்தம் கண்டுபிடிச்சுத் திட்டு. நான் போதும்னு சொல்ற வரைக்கும் திட்டு. சொல்ல மாட்டேன்.